நாலு மாதம் மூத்தவள்

நம் கோயில் ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதித் தரச் சொல்லி நீங்கள் எல்லோரும் சேர்ந்து என்னைப் பிடித்துக்கொண்டீர்கள். ஞாயிறு பாடசாலையில் ஒரே பெஞ்சில் நெருக்கியடித்து உட்கார்ந்தவர்கள் நாம். இப்போது ஒருவருக்கு முழங்கால், ஒருவருக்குச் சீனி வியாதி, எனக்குக் கண். "நம்மள்ல மொதமொதல்ல கடல் தாண்டி ஊழியத்துக்குப் போனது நீதானே, அதப் பத்தி எழுது" என்றீர்கள். தலையாட்டிவிட்டு வந்தேன். எழுத உட்கார்ந்தால் ஊழியம் நினைவுக்கு வரவில்லை. எத்தனை கிராமத்துக்குப் போனோம், எத்தனை கூட்டம் நடத்தினோம் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. அந்தப் பயணம் முழுக்க எதையெதைப் பார்த்துப் பொறாமைப்பட்டேன் என்பது மட்டும் ஒன்று விடாமல் ஞாபகம் இருக்கிறது. அதைத்தான் என்னால் எழுத முடியும். மலரில் போடுவதும் போடாததும் உங்கள் விருப்பம்.

என்னோடு வந்த அக்காவை உங்களில் சிலருக்கு நினைவிருக்கும். பெரியம்மாவின் மகள். தேயிலைத் தோட்டத்து மேல் டிவிசனில், தொழிலாளர் லயத்து வரிசையில் கடைசி ஒற்றை அறைக் காம்பரா அவர்களுடையது. எங்கள் அப்பா தோட்டத்து ஆபீசில் கிளாக்கர் என்பதால் எங்களுக்கு இரண்டு அறையும் சொந்தத் தண்ணீர்க் குழாயும் உள்ள குவாட்டர்ஸ். அவள் என்னைவிட நாலே மாதம் மூத்தவள். ஆனாலும் அவளை அக்கா என்றுதான் கூப்பிட வேண்டும் என்பது அம்மாவின் கண்டிப்பு. பெயர் சொல்லிக் கூப்பிட்டு ஒருமுறை அடி வாங்கியிருக்கிறேன். எங்கள் பழைய சட்டைகள் அவளுக்குப் போகும். என் சட்டையைப் போட்டுக்கொண்டு நிற்கிறவளை நான் அக்கா என்று கூப்பிட வேண்டும்.

அவள் குரல் உங்களுக்கு மறந்திருக்காது. வட்டவளைப் பக்கத்து மழை எப்படியென்று நான் சொல்ல வேண்டியதில்லை. தகரக் கூரையில் மழை இறங்கினால் போதகர் ஐயா பிரசங்கத்தை நிறுத்திவிட்டு வேதாகமத்தின் மேல் கையை வைத்துக்கொண்டு காத்திருப்பார். அவர் பேசுவது முன் பெஞ்சுக்குக்கூடக் கேட்காது. அவள் பாடினால் மட்டும் கேட்கும். கத்தமாட்டாள். வாயைக்கூட அதிகம் திறக்கமாட்டாள். எப்படிக் கேட்டது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

அரிசிக்குப் பதில் மரவள்ளியும், விடிவதற்குள் வரிசையில் நின்று வாங்கும் பாண் ரொட்டியுமாக இருந்த காலம் அது. இரண்டு அரசாங்கங்களும் செய்த ஒப்பந்தப்படி ஒவ்வொரு மாதமும் தோட்டத்திலிருந்து ஒரு குடும்பமாவது இந்தியாவுக்குப் போய்க்கொண்டிருந்தது. அப்போதுதான் போதகர் ஐயாவுக்கு அந்த எண்ணம் வந்தது. "நம்ம தாத்தாமாருங்க வந்த ஊருங்களுக்கு நாமளே நற்செய்தி கொண்டு போவோம்" என்று ஒரு ஞாயிறு அறிவித்தார். குழுவில் நாலு பேர். போதகர் ஐயா, ஆர்மோனியம் வாசிக்கும் உபதேசியார், நமக்கு ஞாயிறு பாடசாலை நடத்திய யாழ்ப்பாணத்து டீச்சர், பாடுவதற்கு ஒரு பிள்ளை. அந்தப் பிள்ளை நான்.

பெயரை வாசித்தபோது நீங்கள் எல்லோரும் திரும்பி என்னைப் பார்த்தீர்கள். அந்தப் பார்வையில் வாழ்த்து இருந்ததா, ஆச்சரியம் இருந்ததா? எனக்கு அப்போதே தெரியும். பாடத் தெரிந்தவள் வேறொருத்தி. ஆனால் அப்பா இலங்கைப் பிரஜையாகப் பதிந்திருந்ததால் எனக்குப் பாஸ்போர்ட் எடுக்க முடியும். பெரியப்பா இந்தியப் பிரஜையாக எழுதிக் கொடுத்திருந்தார். அவர்கள் போனால் திரும்ப முடியாது. அவள் தாளில் இருந்த குறையால் எனக்குக் கிடைத்த இடம் அது. கிடைத்த பிறகு அதை நான் யோசிக்கவில்லை. மூன்று மாதம் தரையில் கால் படாமல் நடந்தேன்.

புறப்பட இரண்டு வாரம் இருக்கும்போது பெரியம்மா குடும்பத்துக்குக் கப்பல் தேதி வந்தது. எங்கள் கப்பலே அவர்களுக்கும். போதகர் ஐயா கைகளைக் கூப்பி, "இது கர்த்தருடைய ஏற்பாடு" என்றார். அக்கரையில் இறங்கியதும் அவர்கள் முகாமில் தங்கி, எந்த ஊருக்கு அனுப்புவார்கள் என்று காத்திருக்க வேண்டும். அந்த நாட்களில் அவள் எங்களோடு வந்து பாடட்டும் என்றார். போகிற வழியில் அவருக்குத் தெரிந்த பெண்கள் போர்டிங் ஒன்று இருந்தது. அங்கே அவளைச் சேர்த்துவிடப் பார்க்கிறேன் என்றும் சொன்னார். பெரியப்பா வேட்டி நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அக்காவை யாரும் கேட்கவில்லை. இப்போது எழுதும்போதுதான் அது உறைக்கிறது. அன்றைக்கு எனக்குப் பட்டது வேறு.

மறுநாள் பாட்டுப் பழகும்போது டீச்சர் என்னைப் பக்கத்தில் கூப்பிட்டார்.

"பிள்ளை, பாட்டை அவ பாடட்டும். நீ வசனத்தைச் சொல்லு. உனக்கு உச்சரிப்பு நல்லாயிருக்கு."

"பாட்டுக்குத்தானே டீச்சர் என்னக் கூட்டிட்டுப் போறீங்க?"

"ரெண்டும் ஊழியம்தான். ஏன் முகத்தை இப்பிடி வைச்சிருக்கிறாய்?"

இரண்டு பேருக்கும் ஒரே துணியில் சட்டை தைத்தார்கள். நீலத்தில் பொடி வெள்ளைப் பூ. ஹட்டன் தையல்காரர் ஒரே அளவில் வெட்டி, ஒரே மாதிரிக் கழுத்து வைத்தார். என்னுடையது கழுத்தில் விறைத்துக்கொண்டு நின்றது. அவளுடையது அவளுக்கென்றே நெய்த மாதிரி விழுந்தது. பார்க்கிறவர்கள் எல்லோரும் "ரெட்டைப் பிள்ளைங்க மாதிரி இருக்கீங்க" என்றார்கள். சொல்லும்போது அவளைத்தான் பார்த்தார்கள்.

வட்டவளை ஸ்டேசனில் நடந்ததை நீங்களும் பார்த்தீர்கள். மேல் டிவிசனே காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக்குப் போகாமல் இறங்கி வந்திருந்தது. அவளைக் கட்டிப் பிடித்து அழாத ஆள் இல்லை. கொழுந்துக்காரப் பெண்கள் அவள் கன்னத்தைத் தடவித் தடவி அழுதார்கள். ஒருத்தி சீப்புக் கொடுத்தாள், ஒருத்தி ரிப்பன், ஒருத்தி தன் காதில் கிடந்ததையே கழற்றிப் போட்டாள். உங்களில் ஒருத்தி, யாரென்று சொல்லமாட்டேன், அவள் கையைப் பிடித்துக்கொண்டு கோச்சி நகர்ந்த பிறகும் கூடவே ஓடினாள். நான் அடுத்த ஜன்னலில் நின்றேன். என்னிடம் அம்மா சொன்னது ஒன்றே ஒன்று. "சட்டைய அழுக்காக்காத." எனக்காக ஒருவரும் அழவில்லை. நான் திரும்பி வரப்போகிறவள். பன்னிரண்டு வயதில் அந்த நியாயம் புரியவில்லை. அவளுக்காக அழுத ஒவ்வொரு முகத்தையும் எண்ணி மனதில் வைத்துக்கொண்டேன். மலையிறங்கிக் கடுகண்ணாவ தாண்டி வெக்கை ஏறத் தொடங்கும்வரை நான் அவளோடு பேசவில்லை. அவள் ரிப்பனில் ஒன்றை எனக்கு நீட்டினாள். வேண்டாம் என்றேன்.

மறுநாள் காலை தலைமன்னாரில் இறங்கினோம். உப்புக் காற்று முகத்தில் ஒட்டியது. சுங்கத்தில் அவர்கள் வரிசை வேறு, எங்கள் வரிசை வேறு. எங்களை ஐந்து நிமிடத்தில் விட்டுவிட்டார்கள். அவர்களுடைய பெட்டிகளை ஒவ்வொன்றாகத் திறந்தார்கள். வாசனைச் சோப்பு, தேயிலைத் தூள், தேங்காய் எண்ணெய்ப் போத்தல், இரண்டு கம்பளி, ஈயப் பாத்திரம், அடியில் சாக்கில் சுற்றிய பெரியப்பாவின் கவ்வாத்துக் கத்தி. கத்தியைக் கப்பலில் ஏற்ற முடியாது என்று எடுத்து மேசையில் வைத்தார்கள். இருபது வருசம் தேயிலைச் செடியை வெட்டிய கத்தி. தீட்டித் தீட்டி அலகு பாதியாகக் குறைந்திருந்தது.

"ஐயா, நான் அங்க போயி எத வச்சு வேல செய்யிறது?" என்று கேட்டார் பெரியப்பா.

சுங்க அதிகாரி அடுத்த பெட்டியைத் திறந்தார். பெரியப்பா கப்பல் ஏறும்வரை அந்த மேசையைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார்.

கப்பலில் எனக்கு வாந்தி. முதல் கால் மணியிலேயே ஆரம்பித்துவிட்டது. டீச்சரும் சுருண்டு படுத்துவிட்டார். அவள்தான் என் தலையைப் பிடித்துக்கொண்டு, ஈரத் துணியால் முகத்தைத் துடைத்தாள். கடலைப் பார்க்க வேண்டும் என்று எத்தனையோ நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தவள், முதுகைக் கடலுக்குக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் இருந்தவர்கள் "என்னா பொறுப்பான புள்ள" என்றார்கள். வாந்திக்கு நடுவிலும் அது என் காதில் விழுந்தது.

இறங்கியதும் பெரியம்மாவையும் பெரியப்பாவையும் பஸ்ஸில் ஏற்றி முகாமுக்குக் கொண்டு போனார்கள். போதகர் ஐயா ஒரு கடிதம் எழுதிக் கொடுத்து அவளை மட்டும் எங்களோடு அழைத்துக்கொண்டார். பெரியம்மா பஸ்ஸில் ஏறிய பிறகு இறங்கி வந்து அவள் ஜடையை அவிழ்த்து, மறுபடி பின்னிவிட்டுப் போனாள். ஒழுங்காகத்தான் இருந்தது அந்த ஜடை.

திருச்சி தாண்டித் துறையூர்ப் பக்கத்துக் கிராமங்களுக்குப் போனோம். மலையில் பிறந்தவர்களுக்கு அந்த வெயில் ஒரு தண்டனை. தண்ணீர் உவர்த்தது. ஆனால் அங்கே பேசியது எல்லாம் நம் லயத்துப் பேச்சு. "எங்க போறீங்க, சாப்ட்டீங்களா" என்று ஒவ்வொரு வீட்டிலும் நம் அம்மாமார் கேட்பது போலவே கேட்டார்கள். டீச்சர் பேசியதுதான் யாருக்கும் விளங்கவில்லை. "இருக்கினமோ", "வரயில்லையோ" என்று அவர் கேட்டால் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். கடைசியில் நானும் அவளும் அவருக்கு மொழிபெயர்க்க வேண்டியதாயிற்று. சிலோன்காரர்கள் தலைக்கு மட்டுமில்லாமல் உடம்புக்கும் தேங்காய் எண்ணெய் தேய்ப்பார்களா, தேயிலையை மரத்தில் ஏறிப் பறிப்பார்களா என்று கேட்டார்கள். நற்செய்தியைவிட எங்கள் தேயிலைப் பொட்டலங்களுக்குத்தான் வரவேற்பு அதிகம். போதகர் ஐயா அதைக் கவனிக்காத மாதிரி நடந்துகொண்டார்.

ஒவ்வொரு ஊரிலும் ஒரே ஒழுங்கு. உபதேசியார் ஆர்மோனியத்தை மரத்தடியில் இறக்குவார். நான் வசனம் சொல்வேன். ஒரு பிழை விடாமல், மூச்சு எடுக்க வேண்டிய இடத்தில் எடுத்துச் சொல்வேன். "நல்லாச் சொல்லுது புள்ள" என்று ஒருவர் சொல்வார். பிறகு அவள் பாடுவாள். மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தவர்கள் வாளியை வைத்துவிட்டு வருவார்கள். அவள் பாடும் பாட்டில், வீட்டை விட்டுப் போனவனைத் தகப்பன் வழியில் நின்று தேடுகிற ஒரு வரி உண்டு. அந்த வரிக்கு வந்ததும் கிழவிகள் முந்தானையை எடுப்பார்கள். சிலோனுக்குப் போய்த் திரும்பாத அண்ணனோ மாமனோ இல்லாத வீடு அந்தப் பக்கத்தில் இல்லை. பாடி முடித்தால் அவளைச் சூழ்ந்துகொண்டு, "நீ எந்த வீட்டுப் புள்ள? ஒன் தாத்தா பேரு என்ன?" என்று கேட்பார்கள். என்னையும் கேட்டிருக்கலாம். அவளுடைய அம்மாவைப் பெற்ற தாத்தாதான் என்னுடைய தாத்தாவும்.

பத்து நாள் இப்படிப் போனது. பிறகு அந்தப் போர்டிங்குக்கு வந்தோம்.

நீளமான ஓட்டுக் கட்டடம், நடுவில் முற்றம், முற்றத்தில் பெரிய வேப்பமரம். வெள்ளைத் தாவணி போட்ட நூறு பிள்ளைகள். காலை ஜெபத்தில் அவளைப் பாடச் சொன்னார்கள். பாடி முடிந்ததும் தலைமையாசிரியை அம்மா மேடையிலிருந்து இறங்கி வந்து அவள் தோளில் கையை வைத்தார். "இந்தப் பிள்ளைய நாங்க வச்சுக்கிறோம்" என்று போதகர் ஐயாவிடம் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். சாப்பாடு, உடுப்பு, படிப்பு எல்லாம் போர்டிங் பொறுப்பு. தானே அவளுக்குச் சங்கீதம் சொல்லிக்கொடுப்பதாகவும் சொன்னார். போதகர் ஐயா கண்ணை மூடி நன்றி சொன்னார். நான் முன் வரிசையில் நின்றேன். அன்றைக்கு வசனம் சொல்ல என்னை யாரும் கூப்பிடவில்லை.

அங்கே ஒவ்வொரு பிள்ளைக்கும் பச்சை வர்ணம் அடித்த தகரப் பெட்டி. மூடியில் வெள்ளை மையால் பெயர். அன்று மதியம் ஸ்டோர் அறை வாசலில் ஒரு புதுப் பெட்டியை வைத்து, மூடியில் அவள் பெயரைச் சாக்கட்டியால் எழுதிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எழுத்து நடுவில் வருகிறதா என்று தள்ளி நின்று பார்த்து, அழித்துவிட்டு மறுபடி எழுதினார்கள். எனக்கு வீடு இருந்தது, திரும்பிப் போக ஊர் இருந்தது, பாஸ்போர்ட் இருந்தது. அந்தப் பெட்டி இல்லை. உலகத்தில் அதைத் தவிர எனக்கு வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை.

நான் முற்றத்தில் உட்கார்ந்து முறத்தில் அரிசிக்குக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தேன். போர்டிங்கைக் கவனிக்கும் மேட்ரன் அம்மா பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார். பருத்த உடம்பு, இடுப்பில் சாவிக்கொத்து.

"அந்தப் பொண்ணு உனக்கு அக்காவா?"

"பெரியம்மா மக."

"ஒண்ணா வளர்ந்தீங்களா?"

"ஆமாங்க."

"அப்ப உனக்குத் தெரியும். உடம்புக்கு ஏதாச்சும் சீக்கு இருக்கா? பெரியவங்க சேர்க்கிற அவசரத்துல மறைச்சிடுவாங்க. அப்புறம் நான்தான் தவிக்கணும். போன வருசம் ஒரு பொண்ண அப்படித்தான் சேர்த்துட்டு, நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். நீ தினமும் வேத வசனம் சொல்ற பொண்ணு. பொய் சொல்லமாட்டே."

நான் ஒரு கல்லைப் பொறுக்கி ஓரமாக வைத்தேன். ஒன்றும் யோசித்ததாக நினைவில்லை. வாய் தானாகத் திறந்தது.

"காக்காவலிப்பு வருங்க" என்றேன்.

மேட்ரன் அம்மா முறத்தில் கை வைத்து நிறுத்தினார். "நீ பார்த்திருக்கியா?"

"பாத்திருக்கேன். திடுதிப்புன்னு விழுந்திரும். வாயில நுரை வரும். கையில சாவி குடுத்துப் பிடிச்சுக்குவாங்க."

நான் பார்த்ததுதான். கீழ் டிவிசனில் கொழுந்தெடுக்கும் ஒரு பெண் பெரட்டுக் களத்தில் அப்படி விழுவாள். அவளுக்கு வந்ததையெல்லாம் எடுத்து என் அக்காவுக்குக் கொடுத்தேன். மேட்ரன் அம்மா "பாவம்" என்று சொல்லி எழுந்து போனார். நான் மீதி அரிசியையும் கல் பொறுக்கி முடித்தேன். அன்றைக்குச் சோற்றில் ஒரு கல்கூட இல்லை என்று சமையல்காரம்மா பாராட்டினார்.

சாயந்தரம் மேட்ரன் அம்மா அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். அதிக நேரமில்லை. அவள் வெளியே வந்தபோது நான் தூணுக்குப் பின்னால் நின்றேன்.

"என்னா கேட்டாங்க?"

"சும்மாதான்" என்றாள். பிறகு என் தலையைப் பார்த்து, "பேன் பாத்துவிடவா, புள்ள?" என்று கேட்டாள். வேப்பமரத்தடியில் உட்காரவைத்து இருட்டும்வரை பார்த்துவிட்டாள். நான் அசையாமல் இருந்தேன்.

மறுநாள் காலை அந்தப் பெட்டி மூடியில் ஈரத் துணியால் துடைத்த அடையாளம் மட்டும் இருந்தது. போதகர் ஐயா ஒரே இரவில் வயதானவர் போல ஆகிவிட்டார். டீச்சரிடம் அவர் தாழ்ந்த குரலில் சொன்னதை நான் கேட்டேன். "வீட்டுல மறைச்சிட்டாங்க டீச்சர். இத்தனை வருசமா எங்கிட்டகூடச் சொல்லல." என்னிடம் அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மேட்ரன் அம்மாவிடம் சொன்னது நான்தான் என்று தெரிந்தும் கேட்கவில்லை. உண்மையைச் சொல்ல வேண்டி வந்ததே என்று எனக்காக வருத்தப்பட்டார் என்று நினைக்கிறேன். தலையில் கை வைத்து ஜெபம் செய்தார். அந்தக் கையின் கனம் இன்னும் இருக்கிறது.

உபதேசியார் அவளை முகாமில் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தார். மீதி நாட்களில் பாட்டு எனக்கு வந்தது. நான் கேட்ட இடம் எனக்குக் கிடைத்தது. நாலு ஊரில் பாடினேன். சுருதி விலகாமல்தான் பாடினேன். வாளியை வைத்துவிட்டு யாரும் வரவில்லை. தகப்பன் தேடும் வரிக்கு வந்ததும் கிழவிகளின் முந்தானையைப் பார்த்தேன். ஒருத்தி காது குடைந்துகொண்டிருந்தாள். அவள் இல்லாத இடத்திலும் எனக்கு அவள்மேல் பொறாமை தீரவில்லை.

திரும்பும் வழியில் முகாமுக்குப் போனோம். வரிசை வரிசையாகக் கூடாரங்கள், மணல், ஈ. பெரியம்மா பத்து வயது கூடினவள் மாதிரி இருந்தாள். எனக்கென்று ரேசன் அரிசியில் கஞ்சி காய்ச்சிக் கொடுத்தாள். "நீ கூட இருந்ததுனாலதான் எம்புள்ள பயப்படாம இருந்துச்சு" என்று என் கன்னத்தை வழித்தாள். நான் கஞ்சியைப் பாதியில் வைத்தேன்.

போதகர் ஐயா புறப்படும்போது தயங்கி நின்றார். "மறைக்காமச் சொல்லியிருக்கலாமே, தாயி. நான் என்ன வேத்து ஆளா?"

பெரியம்மா முழித்தாள். "எதங்கய்யா?"

காலடியில் மணலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அப்போது அக்கா நடுவில் வந்து, "ஐயா, கப்பலுக்கு நேரமாயிரும். இந்த ஈயில நிக்காதீங்க, போங்க" என்று சொல்லி, அவர் பையைத் தானே தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தாள். போதகர் ஐயாவும் பேச்சை விட்டுவிட்டு நடந்தார். தப்பித்தேன் என்று நினைத்தேன். என் நல்ல காலம் என்றுதான் பல வருசம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

நீங்கள் எல்லோரும் ஸ்டேசனுக்கு வந்து என்னைத் தூக்காத குறையாக அழைத்துப் போனீர்கள். அம்மா பெட்டியைத் திறந்து சட்டையை எடுத்துப் பார்த்து, "பரவால்ல, சுத்தமாத்தான் வச்சிருக்க" என்றாள்.

அவர்களை நீலகிரிப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்துக்கு அனுப்பினார்கள். அவளிடமிருந்து இரண்டு கடிதம் வந்தது. "இங்கயும் தேயிலதான். அங்க மாதிரியே குளிரு. நானும் பேர் பதிஞ்சிட்டேன், கொழுந்தெடுக்கிறேன். கோயில்ல பாட்டு நான்தான்" என்று எழுதியிருந்தாள். பதின்மூன்று வயதில் கூடையை மாட்டிவிட்டாள், அது என்னால். அதை நினைத்து அழுதேன். கடைசி வரியை வாசித்து எரிச்சலும்பட்டேன். இரண்டும் ஒரே நேரத்தில் நடந்தது. பதில் எழுதவில்லை. மூன்றாவது கடிதம் வரவில்லை. அப்புறம் இங்கே நடந்த கலவரங்களில் கப்பலும் நின்றது, ஆட்கள் இடம் மாறினார்கள், தொடர்பு அறுந்தது.

நான் படித்தேன். ராகலையில் தொடங்கி நாலைந்து பாடசாலைகளில் முப்பது வருசத்துக்கு மேல் படிப்பித்தேன். பூண்டுலோயாவில் இருக்கும்போது வகுப்பில் ஒரு பிள்ளைக்கு நிஜமாகவே வலிப்பு வரும். அந்தப் பிள்ளையைப் பெற்றவள் போலப் பார்த்துக்கொண்டேன். எல்லோரும் என்னைப் புகழ்ந்தார்கள். எனக்குத்தானே தெரியும், நான் யாருக்குச் செய்ய வேண்டியதை யாருக்குச் செய்தேன் என்று. போதகர் ஐயா சாகக் கிடந்தபோது சொல்லிவிட வேண்டும் என்று போனேன். ஆரஞ்சு வாங்கிக்கொண்டு போய், உரித்துக் கொடுத்துவிட்டு வந்தேன்.

இந்த வருசம் ஆண்டு விழாப் படங்களை நம் பிள்ளைகள் பேஸ்புக்கில் போட்டார்கள் அல்லவா. அதைப் பார்த்துவிட்டு ஒரு பெண் எழுதியிருந்தாள். கோயம்புத்தூரில் நர்சுக்குப் படிக்கிறாளாம். "எங்க ஆச்சி உங்க தோட்டத்துல பிறந்தவங்க. உங்க போட்டோவப் பார்த்து, இது என் தங்கச்சின்னு சொல்றாங்க." அடுத்த ஞாயிறு அவள் ஊருக்குப் போயிருந்தபோது வீடியோவில் கூப்பிட்டாள். திரையில் கம்பளித் தொப்பி போட்ட ஒரு கிழவி. முன்பல் இரண்டு இல்லை.

"கிளாக்கர் வீட்டுப் புள்ளையா?" என்றாள். குரல் மட்டும் அப்படியே இருந்தது. அது போகவில்லை.

பெரியம்மா பதினெட்டு வருசம் முன்பு அவள் மடியில்தான் செத்தாளாம். பெரியப்பா போய் அதிக நாளாயிற்று. வீட்டுக்காரர் லாரியில் அடிபட்டுப் போய்விட்டார். மூன்று பிள்ளைகள், ஐந்து பேரப் பிள்ளைகள். இடுப்பு விட்டுப்போகும்வரை கொழுந்தெடுத்திருக்கிறாள். இதையெல்லாம் கடையில் சாமான் பட்டியல் சொல்வது போலச் சொன்னாள். நடுநடுவே சிரித்தாள். நான் இனியும் வைத்திருக்கக் கூடாது என்று ஆரம்பித்தேன்.

"அக்கா, ஒண்ணு சொல்லணும். அந்தப் போர்டிங்ல..."

"வலிப்பா?" என்றாள்.

நான் போனை மேசையில் சாய்த்து வைத்தேன்.

"மேட்ரனம்மா எங்கிட்டயே கேட்டாங்களே. ஒனக்கு வலிப்பு வரும்னு ஒன் தங்கச்சி சொல்லுது, நெசமான்னு. ஆமாங்கன்னுட்டேன்."

"ஏங்க்கா?"

"அம்மாவ அந்த மணல்ல விட்டுட்டு, நான் அங்க ஒக்காந்து என்னத்தப் பாடுறது? எனக்கு அங்க இருக்கப் பிடிக்கல. வேணாம்னு சொன்னா ஐயா மனசு ஒடஞ்சு போவாரு. எப்படிச் சொல்றதுன்னு தவிச்சுக்கிட்டு இருந்தேன். நீ வழி பண்ணிக் குடுத்த."

"நான் ஒனக்கு வழி பண்றதுக்காகச் சொல்லல. பொறாமையில சொன்னேன்."

"அது தெரியும்" என்றாள் சாதாரணமாக. "நீ சின்னதுலருந்தே அப்படித்தான். நான் என்னா தின்னாலும் எட்டிப் பாப்ப."

ஐம்பது வருசம் மனதில் வைத்துப் பூட்டி, ஜெபத்தில்கூடச் சுற்றி வளைத்துச் சொன்ன பாவம். அதை அவள் அன்று சாயந்தரமே எடுத்துத் தன் சௌகரியத்துக்குச் செலவழித்துவிட்டாள். எனக்கு ஆறுதல் வந்திருக்க வேண்டும். வந்தது அதே பழைய எரிச்சல். எதைச் செய்தாலும் அவளுக்குக் கீழேதான் வந்து நிற்கிறேன்.

அதனால்தான் கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. "ஒனக்கு எம்மேல ஒருநாளாவது பொறாம வந்ததில்லையாக்கா?"

அவள் தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டு நிதானமாக யோசித்தாள்.

"எதுக்கு?" என்றாள்.

குத்திக் கேட்கவில்லை. அப்படிக் கேட்க அவளுக்குத் தெரியாது. உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்பினாள். நானும் சொல்லத் தொடங்கினேன். டீச்சர் வேலை கிடைத்தது, ஹட்டனில் வீடு கட்டியது, பென்சன் வருவது, மகன் கனடாவில் இருப்பது, வாசலில் ரோஜா வைத்திருப்பது. ஒவ்வொன்றுக்கும் "நல்லது புள்ள", "கேக்கச் சந்தோசமா இருக்கு" என்றாள். சொல்லச் சொல்ல என் குரல் எனக்கே மேலே போவது கேட்டது. ரோஜாவுக்குப் பிறகு சொல்ல ஒன்றும் இல்லை. நான் நிறுத்தியது அவளுக்குத் தெரியவில்லை. காதைத் திரைக்குப் பக்கத்தில் கொண்டுவந்து, "ம், சொல்லு" என்றாள்.